போர்டு மூலையில் மூணு புள்ளி

சர்க்யூட் போர்டு எத்தனை தடவை சூடு தாங்கும்? இன்னைக்கு அந்தக் கதைதான்.

2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அப்போது நான் தருமபுரியில் ஒரு ரிப்பேர் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன்.

எந்த கம்பெனி டிவியா இருந்தாலும் அடிக்கடி வர்றது டிரை சால்டர்தான். பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தருகிற எல்.ஓ.டி. கனமானது, சூடாகிறதும்கூட. போட்டு அணைச்சுப் போட்டு அணைச்சு, அதன் கால்களைச் சுற்றி சால்டரில் வளையமாக விரிசல் விழும். தட்டினா படம் வரும். மறுபடி சால்டர் வச்சா சரியாயிடும்.

பென்னாகரம் பக்கமிருந்து ஒரு அக்கா டிவியை பஸ்ஸில் தூக்கிவந்தார். "இது போச்சுன்னா வேற வாங்க வழியில்ல தம்பி" என்றார். ஏற்கெனவே பலமுறை சால்டர் வச்ச போர்டு. நான் அயனை அழுத்தி வச்சேன். செம்பு வட்டம் அப்படியே கிளம்பி வந்துடுச்சு.

ஏன்? 1930களில் வியன்னாவிலிருந்து லண்டனுக்குப் போன பால் ஐஸ்லர், பலகையில் ஒட்டிய செம்புத் தகட்டில் வேண்டாததை அரித்தெடுத்து சர்க்யூட் செய்தார். இன்றும் செம்பு ஒட்டித்தான் நிற்கிறது. பழைய டிவிகளின் பழுப்பு பினாலிக் போர்டில் அயன் முனையின் சுமார் 350 டிகிரி சூடு ஒவ்வொரு தடவையும் அந்த ஒட்டைத் தளர்த்தும்.

கம்ப்யூட்டரின் கண்ணாடி நார் போர்டில் ஆபத்து கண்ணுக்கே தெரியாது. துளைக்குள்ளும் செம்பு பூசியிருக்கும். சாதாரண வகை போர்டு 130, 140 டிகிரி தாண்டினால் தடிமனில் வேகமாக உப்பும். செம்பு அவ்வளவு நீளாது. இழுபட்டு இழுபட்டு துளைச் சுவரில் மயிரிழை விரிசல் விழும். ஆறியிருந்தா ஓடும், சூடானா நின்னுடும்.

காரீயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும். ஐரோப்பா 2006 ஜூலை 1 முதல் காரீயத்தைக் கட்டுப்படுத்தியதும் பரவிய சால்டருக்கு சுமார் 217 டிகிரி வேணும். அப்போ ஒவ்வொரு ரிப்பேருக்கும் சூடு கூடுதல்.

அன்னைக்கு கடைக்கார அண்ணன் திட்டலை. டிராக்கைச் சுரண்டி, ஒயர் இழுத்து ஜம்பர் போட்டார். டிவி ஓடியது. அப்புறம் மார்க்கரை எடுத்து போர்டு மூலையில் ஒரு புள்ளி வச்சார். "இனி சால்டர் வைக்கிறப்பல்லாம் ஒரு புள்ளி வை. மூணு பார்த்தா, அயனைத் தொடாம என்னைக் கூப்பிடு."