பஞ்சத்தில் பாடிய முன்சீப்

குமராட்சிப் பக்கம் நந்தனார் பேச்சை எடுத்தால் கோபாலகிருஷ்ண பாரதியார் பெயர் வராமல் போகாது. 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடியவர். நந்தனார் ஊராகச் சொல்லப்படும் ஆதனூரும் இந்தக் கொள்ளிடக் கரைதானே! அந்தச் சிவபக்தர் ஒரு கத்தோலிக்கரைப் புகழ்ந்தும் கீர்த்தனை பாடியிருக்கிறார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆற்றைத் தாண்டி மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளைதான் அவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று பரீட்சைக்குப் படித்ததோடு நாம் அவரை விட்டுவிடுகிறோம். எனக்கு அவருடைய தாது வருஷம்தான் முக்கியம்.

1876-ல் மழை பொய்த்தது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தபோது, மதராஸ் மாகாணத்தில் ஜனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். செலவைக் குறைக்க வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும்! இது உயிர் தரிக்கப் போதாது என்று சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்த பிறகே, சில மாதங்களில் கூலி உயர்ந்தது.

நம்ம டெல்டாவில் சேலம், பெல்லாரி அளவுக்குக் கொடுமை இல்லை. 1836-ல் கொள்ளிடத்தில் கட்டிய அணைகள் கைகொடுத்தன. ஆனால் நெல் விலை எங்கோ போய்விட்டது. நிலம் உள்ளவருக்கு லாபம், இல்லாதவருக்குப் பட்டினி. வேதநாயகம் பிள்ளை தன் கைப்பணத்தைக் கரைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். பாடவும் செய்தார். 1878-ல் வந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யில் பஞ்சப் பாட்டுகளும் உண்டு.

அவற்றைப் படிக்கும்போது, 'எல்லாம் அவன் செயல்' என்று கையைக் கட்டிக்கொண்ட ஆறுதல் என் கண்ணில் படவில்லை. கெஞ்சுகிறார், முறையிடுகிறார், உன்னை விட்டால் எங்களுக்கு யார் என்று உரிமையோடு மல்லுக்கட்டுகிறார். இது பைபிள் சங்கீதங்களின் வழி. அங்கே உள்ள 150-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். கடவுளிடம் சண்டை போட்டுவிட்டு, அவரையே நம்பி எழுந்து போகிற மனநிலை. அவருக்குக் கிடைத்த சமாதானம் அந்த வகை என்றுதான் நான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் மறுநாள் அடுப்பு எரிந்திருக்காது.

இன்னொன்று. 'தேவமாதா அந்தாதி' எழுதியவருக்கு மாதா பெயரைச் சொல்லிப் பாடத் தெரியாதா என்ன? இந்தக் கீர்த்தனைகளில் மட்டும் எந்தச் சமயத்தாரும் பாடும்படி கடவுளை அழைக்கிறார். கஞ்சிக்கு வந்து நின்றவர்கள் எல்லாச் சமயத்தாரும்தானே!

திருவீழிமிழலைப் பஞ்சத்தில் அப்பரும் சம்பந்தரும் சிவனிடம் படிக்காசு வாங்கி அடியார்களுக்குச் சோறு போட்டதைப் பெரியபுராணம் சொல்கிறது. அதில் ஊறிய பாரதியாருக்கு மாயூரத்துக் கஞ்சித் தொட்டியைப் பார்த்ததும் விஷயம் புரிந்திருக்கும். முன்சீப்பை மேரு மலையாகவே வைத்துப் பாடிவிட்டார்.