புறப்படாத சொற்கள்: உடனடிச் செய்தி மென்பொருள்களின் வரிசை வரலாறு

1960-களின் நடுவில், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டொனால்டு டேவிஸ், கணினிகளுக்கிடையே செல்லும் தரவைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பும் முறை ஒன்றை வகுத்தார். அத்துண்டுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஏறத்தாழ அதே கருத்தை அமெரிக்காவில் தனியே எட்டியிருந்த பால் பேரன் அதனைச் செய்தித் தொகுதி என்னும் பொருள்பட அழைத்திருந்தார். டேவிஸோ ஒரு மொழியியலாளரைக் கலந்து, பிற மொழிகளுக்கும் எளிதில் பெயர்க்கத்தக்க சொல் எதுவென ஆராய்ந்து, 'பாக்கெட்' என்பதைத் தேர்ந்தார். கணினி வரலாற்றில் மொழியியலாளரிடம் யோசனை கேட்கப்பட்ட அரிய தருணங்களுள் அது ஒன்று. தமிழில் அதற்குப் பொதி என்றும் சிப்பம் என்றும் கலைச்சொற்கள் உண்டு. ஆனால் பால் பாக்கெட்டையும் பிஸ்கட் பாக்கெட்டையும் அன்றாடம் கையாளும் சமூகத்திற்கு மூலச்சொல்லே அந்நியமன்று. டேவிஸின் தேர்வு இங்கும் பலித்தது எனலாம்.

பாக்கெட்டுக்குக் கிடைத்த புகழ் அது புறப்படுமுன் நிற்கும் இடத்திற்குக் கிடைக்கவில்லை. ஒருவர் செய்தியைத் தட்டச்சு செய்து விசையை அழுத்தியதும் அது பறந்துவிடுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் அவ்வெழுத்துகள் அவருடைய கணினிக்குள்ளேயே ஒரு வரிசையில் போய் நிற்கின்றன. முன்னே நிற்பது போக வேண்டும்; இணைப்பு உயிரோடிருக்க வேண்டும்; மறுமுனையிலுள்ள சர்வர் ஏற்கும் வேகத்திற்குள் அடங்க வேண்டும். அதன் பின்னரே புறப்பாடு. 'அனுப்பினேன்' என்ற வினைமுற்று எக்கணத்தில் மெய்யாகிறது என்னும் வினாவுக்கு, கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இம்மென்பொருள்கள் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன. அவ்விடைகளுள் சில பயனரிடம் பொய் சொல்லியிருக்கின்றன.

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஓய்க்காரினன் உருவாக்கிய ஐ.ஆர்.சி. அரட்டை முறையில் இருந்து தொடங்குவது தகும். அவரும் டேரன் ரீடும் எழுதி 1993 மே மாதம் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1459 ஆவணத்தில், வெள்ளம்போல் செய்தி பாய்ச்சுவோரைக் கட்டுப்படுத்த ஒரு சிறு கணக்கு உள்ளது. ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் ஒரு கடிகாரம் வைத்திருக்கும். ஒரு செய்தியைப் படித்தால் அக்கடிகாரம் 2 விநாடி முன்னே தள்ளப்படும். உண்மை நேரத்தை விட அது 10 விநாடி முன்னே போய்விட்டால், காலம் அதனைப் பிடிக்கும் வரை அப்பயனரின் செய்திகளைச் சர்வர் தொடாது. ஆக, ஒரே மூச்சில் ஏறத்தாழ 5 செய்திகளை அனுப்பலாம். அதன் பின் 2 விநாடிக்கு ஒன்று. படிக்கப்படாத செய்திகள் சர்வரின் வாயிலில் குவிந்து இடங்கொள்ளாமல் போனால், மிகை வெள்ளம் என்ற குற்றச்சாட்டோடு இணைப்பு அறுபடும்.

எளிமையும் நியாயமும் உள்ள விதியாகத் தோன்றும் இது, விரைவில் ஆயுதமாயிற்று. அக்கால அரட்டை மென்பொருள்கள் சில வினவல்களுக்குத் தாமாகவே மறுமொழி அனுப்பும் இயல்புடையவை: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, மறுமொழிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பன போன்றவை. எதிரி ஒருவன் பல கணக்குகளிலிருந்து அவ்வினவல்களை மழைபோல் பொழிந்தால், தாக்கப்பட்டவரின் மென்பொருள் ஒவ்வொன்றிற்கும் பணிவோடு விடை எழுதி, தன் வாயாலேயே வெள்ளம் பாய்ச்சி, சர்வரால் வெளியேற்றப்படும். தாக்கியவன் மீது விதி பாயாது. பதில் சொன்னவரே தண்டிக்கப்படுவார். வெளிச்செல்லும் வரிசையை முறையாகப் பேண வேண்டும் என்ற உணர்வு இத்தகைய அடிகளில் பிறந்தது. தானியங்கி மறுமொழிகளுக்கு ஓர் அளவு, மனிதர் தட்டியதற்கு முன்னுரிமை என்ற பிரிவினை மெல்ல உருவாயிற்று. 1993-இல் தோன்றிய எக்டிராப் என்னும் ஐ.ஆர்.சி. தானியங்கி மூன்று வரிசைகளை வைத்திருந்தது. அரட்டை அறையின் கட்டுப்பாட்டைக் காக்கும் அவசர ஆணைகளுக்கு ஒன்று, பொதுவான செய்திகளுக்கு ஒன்று, உதவிக் குறிப்புகள் போன்ற பொறுத்திருக்கக் கூடியவற்றுக்கு ஒன்று. கோயில் தரிசனத்தில் சிறப்பு வழியும் பொது வழியும் இருப்பது போலத்தான். இங்குக் கட்டணம் இல்லை. பதிலாக நிரலாளரின் தீர்ப்பு உண்டு.

1996 நவம்பரில் இஸ்ரேலின் மிராபிலிஸ் நிறுவனம் வெளியிட்ட ஐ.சி.க்யூ. வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. தொடக்கப் பதிப்புகள் சர்வரோடு பேச யு.டி.பி. நெறிமுறையைப் பயன்படுத்தின. அது அஞ்சலட்டை போன்றது. போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை, வரிசை மாறாது என்ற உறுதியும் இல்லை. பல லட்சம் பயனர்களின் இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் சுமையைச் சர்வர் தவிர்க்கலாம் என்பது அதன் ஆதாயம். அச்சுமையின் ஒரு பகுதி பயனரின் கணினிக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் எண் இட்டு அனுப்புவதும், 'பெற்றேன்' என்ற ஒப்புகை வரும்வரை அதன் படியை வரிசையில் வைத்திருப்பதும், குறித்த நேரத்தில் வராவிடில் மீண்டும் அனுப்புவதும் கிளையண்ட் மென்பொருளின் கடமையாயின. இங்கே வரிசையின் இலக்கணமே மாறிவிட்டது. ஐ.ஆர்.சி.யில் அது புறப்பாட்டுக்குக் காத்திருப்போர் வரிசை. ஐ.சி.க்யூ.வில் அது புறப்பட்டுப் போனவற்றின் நினைவும் ஆயிற்று.

அந்நினைவிலும் ஓர் ஓட்டை இருந்தது. செய்தி போய்ச் சேர்ந்து, ஒப்புகை மட்டும் வழியில் தொலைந்தால்? அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். பெறுபவரின் மென்பொருள் பழைய எண்களைக் குறித்து வைத்திராவிடில் ஒரே வாக்கியம் இருமுறை தோன்றும். நிதானமாக எழுதப்பட்ட மென்பொருள், இரண்டாம் படிக்கும் மீண்டும் ஒப்புகை அனுப்பும். திரையில் மட்டும் காட்டாது. ஒப்புகை அனுப்பாமல் புறக்கணித்தால் மறுமுனை ஓயாது அனுப்பிக்கொண்டே இருக்கும். தொலைந்துபோகக் கூடிய தூதர்களைக் கொண்டு இரு தரப்பும் ஒரே முடிவில் முழு உறுதி பெற இயலாது என்பது 1975-இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்து, 1978-இல் ஜிம் கிரே வழியாக இரு தளபதிகள் புதிர் என்ற பெயரைப் பெற்றது. கோட்பாட்டளவில் தீராத அப்புதிரை, இணைய மையங்களில் அமர்ந்து 'ஹலோ' இருமுறை வந்ததைக் கண்டு சிரித்த இளைஞர்கள் தம்மையறியாமல் சந்தித்தனர்.

1998 ஜூனில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் மிராபிலிஸை வாங்கியது. பின்னர் ஐ.சி.க்யூ.வும் ஏ.ஓ.எல்.லின் ஆஸ்கார் நெறிமுறைக்கு மாறியது. டி.சி.பி. மீது இயங்கிய ஆஸ்காரில் தொலைதல் பெரிதும் தீர்ந்தது. வேகக் கட்டுப்பாடு நுணுக்கமாயிற்று. இணைந்தவுடன் சர்வர் ஓர் அட்டவணையை அனுப்பும். செய்திகள் பல வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சாளர அளவும், எச்சரிக்கை, தடை, துண்டிப்பு எனப் படிப்படியான எல்லைகளும் உண்டு. அடுத்தடுத்த இரு பாக்கெட்டுகளுக்கு இடையிலான மில்லி விநாடிகளைக் கொண்டு நகரும் சராசரி ஒன்று கணிக்கப்படும். பழைய சராசரியைச் சாளர அளவில் ஒன்று குறைத்துப் பெருக்கி, புதிய இடைவெளியைக் கூட்டி, சாளர அளவால் வகுக்க வேண்டும். அவசரப்பட்டால் சராசரி இறங்கும், பொறுத்தால் ஏறும். தடை எல்லைக்குக் கீழே போனால் செய்திகளைச் சர்வர் கீழே போட்டுவிடும். துண்டிப்பு எல்லைக்குக் கீழே போனால் இணைப்பே போய்விடும்.

ஏ.ஓ.எல். தன் சொந்த மென்பொருளை இக்கணக்குக்கு ஏற்ப எழுதிக்கொள்ள முடிந்தது. வெளியே இருந்த தன்னார்வ நிரலாளர்களுக்கு அக்கணக்கு சொல்லப்படவில்லை. பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தும், அடிபட்டும் கற்றனர். ஏ.ஓ.எல். ஆவணத்தை வெளியிட்டது 2008 மார்ச்சில்தான். 2007 வரை கெய்ம் என வழங்கி, ஏ.ஓ.எல்.லுடனான வணிகப் பெயர்ச் சிக்கலுக்குப் பின் பிட்ஜின் எனப் பெயர் மாறிய கட்டற்ற மென்பொருளின் மூலநிரலில் இக்கல்வியின் தழும்பு காணக் கிடைக்கிறது. சர்வர் நடத்திய அதே கணக்கைப் பிட்ஜினும் தன்பக்கம் நடத்தியது. அடுத்த பாக்கெட்டை இப்போது அனுப்பினால் சராசரி என்னவாகும் என முன்கூட்டியே கணித்து, எச்சரிக்கை எல்லையோடு 100 மில்லி விநாடியைக் கூட்டிய அளவுக்குக் கீழே போகுமெனில் நிறுத்திவைத்தது. அந்த 100, கணக்கில் நேரக்கூடிய பிழைக்கான கழிவு. அளந்து போட்டபின் கைப்பிடி கூடுதலாய் இடும் கடைக்காரரின் முன்யோசனை அதில் உள்ளது. காத்திருப்பவையும் இரண்டு வரிசை: ஒன்று உயர் முன்னுரிமைக்கு, மற்றொன்று நண்பர்களின் விவரங்களைத் தானே கேட்டறியும் கோரிக்கைகள் போன்ற, மனிதர் எவரும் கண்கொட்டாது காத்திராதவற்றுக்கு.

இரு வரிசை வைத்தால் ஒரு கண்ணியும் உண்டு. ஆஸ்காரின் ஒவ்வொரு உறையின் தலைப்பிலும் நட்சத்திரக் குறியை அடுத்துத் தடத்தின் எண்ணும், அதன் பின் தொடர் எண்ணும் இருக்கும். அத்தொடர் இடறினால் சர்வர் இணைப்பை அறுத்துவிடும். வரிசையில் நுழையும்போதே எண்ணைப் பொறித்துவிட்டால், பின்னால் வந்த அவசரச் செய்தி முந்திச் செல்லும்போது தொடர் குலையும். ஆகவே எண் புறப்படும் கணத்தில்தான் இடப்பட வேண்டும். ஆனால் உறைக்குள்ளிருக்கும் கோரிக்கை எண் வேறு; எந்த விடை எந்த வினாவுக்கு எனப் பொருத்திப் பார்க்க அது பிறக்கும்போதே வேண்டும். ஒரே செய்திக்குப் பிறந்த நேரம் ஒன்று, பயண நேரம் ஒன்று என இரு அடையாளம்.

வரிசையின் ஒழுங்கு நெறிமுறைக்கு மட்டும் உரியதன்று. சூசன் ஹெர்ரிங் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, கணினி வழி உரையாடலில் வினாவும் விடையும் அடுத்தடுத்து நில்லாமல் சிதறுவதை ஆராய்ந்தது. நேர்ப்பேச்சில் மௌனம் ஒரு பொருள் தரும். அரட்டையில் அது பேசியவரின் தயக்கமா, வரிசையின் தாமதமா என அறிய வழியில்லை. 'வருகிறாயா?' என்பதற்குப் பின் எட்டு விநாடி வெறுமை நிலவினால், கேட்டவர் உறவைப் பற்றிய ஐயத்தில் ஆழ்கிறார். காரணம் ஒரு நகரும் சராசரியாக இருக்கலாம்.

இந்த ஐயத்தை ஓரளவு போக்கியது ஒப்புகையைப் பயனரின் கண்ணுக்குக் கொண்டுவந்த மாற்றம். 1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் அறிவித்த ஜாபர், பின்னர் எக்ஸ்.எம்.பி.பி. எனத் தரப்படுத்தப்பட்டது. டி.சி.பி. மீது இயங்கியும், இணைப்பு திடீரென அறுந்தால் கடைசிச் சில செய்திகளின் கதி தெரியாது என்ற குறை அதிலும் நின்றது. அதன் நீட்சிகளுள் ஒன்று, இதுவரை எத்தனை பெற்றாய் என மறுமுனையைக் கேட்டு, அவ்வெண்ணிக்கை வரை மட்டும் வரிசையிலிருந்து நீக்க வகைசெய்தது. மீண்டும் இணையும்போது எஞ்சியவை மட்டும் போகும். 2009-இல் தோன்றிய வாட்ஸ்அப் எக்ஸ்.எம்.பி.பி.யைத் தழுவித் தன் சர்வர்களை எர்லாங் மொழியில் இயக்கியது. தொலைபேசி நெரிசலைப் பற்றி 1909-இல் நிகழ்தகவுக் கட்டுரை எழுதி வரிசைக் கோட்பாட்டுக்கு வித்திட்ட டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங்கின் பெயரே அம்மொழிக்கு.

வாட்ஸ்அப் திரையில் வரிசையின் நிலைகள் குறிகளாயின. கடிகாரம் என்றால் இன்னும் கைப்பேசியில். ஒற்றைக்குறி என்றால் சர்வரில். இரட்டைக்குறி என்றால் மறுமுனைக் கைப்பேசியில். 2014 நவம்பரில் நீலம் சேர்ந்தது. 'அனுப்பினேன்' என்ற ஒற்றை வினை நான்காகப் பிரிந்தது.

இக்குறிகளின் பொருளை இந்தியாவில் மிக நீண்ட காலம் கூர்ந்து பார்க்க நேர்ந்தவர்கள் காஷ்மீரிகளும் அவர்தம் உறவினரும் ஆவர். 2019 ஆகஸ்டு 4 இரவு தொடங்கி அங்கே இணையம் துண்டிக்கப்பட்டது. வெளியூரில் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு எழுதியவை ஒற்றைக்குறியோடு நின்றன. சேராத செய்தியைச் சர்வர் 30 நாள் வரை வைத்திருந்து பின் அழித்துவிடும் என்பது நிறுவனத்தின் விதி. அவ்விதிப்படி ஆகஸ்டு மாதச் செய்திகளின் காலக்கெடு செப்டம்பரில் முடிந்தது. 120 நாள் இணையாத கணக்கு காலாவதியாகும் என்பது இன்னொரு விதி; டிசம்பர் தொடக்கத்தில் அதுவும் நிறைவேறியது. குறைந்த வேக இணையம் 2020 ஜனவரி இறுதியில், அனுமதிக்கப்பட்ட தளங்களுக்கு மட்டும் திரும்பியது. சமூக ஊடகத் தடை மார்ச்சில் நீங்கியது. அதிவேகக் கைப்பேசி இணையம் முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று.

காலாவதியான கணக்கு தான் இருந்த குழுக்களிலிருந்து தானாகவே நீங்கும். 2019 டிசம்பரில் நாடெங்கிலுமிருந்த குடும்பக் குழுக்களிலும் நண்பர் குழுக்களிலும் காஷ்மீர் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. எஞ்சியிருந்தோர் திரையில், ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக, 'வெளியேறினார்' என்று பொருள்படும் அறிவிப்பு தோன்றியது. செயப்பாட்டு வினையில் அன்று, செய்வினையில்.