கையெழுத்துப் பஹணி செல்லாது என்று ஆனபோது

கர்நாடக நில ஆவணங்களைப் படிக்கத் தொடங்கிய நாள்களில் என்னை முதலில் தடுத்து நிறுத்திய சொல் ‘பின்’. ‘ராமய்யா பின் திம்மய்யா’ என்றால், திம்மய்யாவின் மகன் ராமய்யா. அரபுச் சொல், கன்னட எழுத்தில், ஒரு குடியானவரின் பெயருக்கு நடுவே அமர்ந்திருந்தது. பயிர் செய்ய ஆகாத நிலத்தைக் குறிக்கும் ‘கராப்’ பாரசீக வழியாக வந்தது. ஆவணத்தின் பெயரான ‘பஹணி’, பார்வையிடுதல் என்னும் பொருளுடைய மராத்திச் சொல். அரசுகள் மாறியபோதெல்லாம் புதிய சொற்கள் ஏட்டில் ஏறின. ஏடு மட்டும் ஊர்க் கணக்கரின் கையிலேயே இருந்தது. கன்னடக் கல்வெட்டுகள் அவரைச் சேனபோவர் என்கின்றன. பிற்கால வழக்கில் அவர் ஷானுபோகர். நம் ஊர் வழக்கில் கர்ணம்.

பரம்பரையாக வந்த இப்பதவியை மைசூர் மாநிலம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. (தமிழ்நாட்டில் அது 1980இல்தான் நடந்தது.) ஷானுபோகரின் இடத்துக்கு ‘கிராம லெக்கிகர்’ என்னும் சம்பள ஊழியர் வந்தார். பரம்பரை உரிமை போயிற்று, ஏட்டின் மீதான பிடி போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 9,000 லெக்கிகர்களின் பொறுப்பில், சுமார் 67 லட்சம் நில உடைமையாளர்களுக்குரிய இரண்டு கோடிப் பஹணிகள் இருந்தன. ஒருவர் மூன்று நான்கு ஊர்களைப் பார்த்துக்கொண்டார். பயிர்க்கடனுக்கு வங்கி பஹணி கேட்கும். விவசாயி அவரைத் தேடிப் பிடித்து, அவர் கையால் நகல் எழுதித் தரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நகல் ஏட்டோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்க விவசாயிக்கு வழியே இல்லை. அந்த இடைவெளியில்தான் கையூட்டு வளர்ந்தது.

கணினியைக் கொண்டு வந்தால் இது தீர்ந்துவிடும் என்று எண்ணியவர்கள் முன்பே இருந்தனர். நடுவண் அரசின் நிதியில் குல்பர்கா மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்திலேயே ஒரு முன்னோட்டம் நடந்தது. பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டன. ஆனால் விற்பனை, பாகப்பிரிவினை, வாரிசு மாற்றம் ஆகியவை பதிவாகும் தாலுகா அலுவலகத்தில் கணினி இல்லை! ஏட்டில் நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. கணினியில் இருந்த பட்டியல் பழையதாகிக் கிடந்தது.

எஸ்.எம். கிருஷ்ணா முதல்வராக இருந்த காலத்தில், வருவாய்த் துறை அதிகாரி ராஜீவ் சாவ்லாவின் முனைப்பில் உருவான ‘பூமி’ திட்டம் இந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றது. தேசிய தகவலியல் மையம் எழுதிக் கொடுத்த மென்பொருளைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, லெக்கிகர்களை அத்திட்டம் நடத்திய விதம்.

தனியார் நிறுவனங்கள் தட்டச்சு செய்த பதிவுகள் அச்சிடப்பட்டு லெக்கிகரிடமே திரும்பி வந்தன. மூல ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக் கையொப்பமிட வேண்டியவர் அவர்தான். இதிலுள்ள முரணை எண்ணிப் பாருங்கள். தம் அதிகாரத்தை முடிவுக்குக் கொண்டுவரப்போகும் ஆவணத்துக்கு அவரே சான்று தர வேண்டும். ஒப்பமிட்ட பிறகு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் பொறுப்பும் அவருடையது. ஆகவே பார்க்காமல் ஒப்பமிடவும் இயலாது. இதோடு, அவர்களுள் இளையோராக ஏறக்குறைய ஆயிரம் பேரைத் தேர்ந்து பயிற்சி அளித்து, தாலுகா அலுவலகக் கணினி முகப்புகளில் அமர்த்தினர். யார் எந்த மாற்றத்தைச் செய்தார் என்பது தெரிய விரல்ரேகை கட்டாயமாக்கப்பட்டது.

இறுதி அடிதான் துணிச்சலானது. சரிபார்ப்பு முடிந்த தாலுகாக்களில், கையால் எழுதிய பஹணி இனிச் செல்லாது என்று அரசு அறிவித்தது. பழைய முறையும் புதிய முறையும் அருகருகே நடந்தால் பழையதே வெல்லும் என்பதை அரசு அலுவலகம் ஒன்றில் ஒருமுறையேனும் காத்திருந்த எவரும் அறிவர். பூமி அந்த வாய்ப்பை அடைத்தது. 15 ரூபாய் செலுத்தினால் அச்சிட்ட பஹணி கிடைத்தது. விவசாயியை நோக்கி இரண்டாவது திரை ஒன்றும் வைக்கப்பட்டது. பழைய முறையில் மூவரில் இருவர் கையூட்டுக் கொடுத்ததாகவும், பூமி முகப்புகளில் அது நூற்றுக்கு மூன்று பேராகக் குறைந்ததாகவும் பெங்களூரின் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் 2002இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

இத்தோடு நிறுத்தினால் இது அரசு விளம்பரம் ஆகிவிடும். சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் கடுமையான மறுப்பை முன்வைத்தனர். ஊரளவில் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியதாக இருந்த நில விவகாரம் மேலே குவிக்கப்பட்டதால், பெங்களூரைச் சுற்றி நிலம் திரட்டிய பெரும் கைகளுக்கே அது வசதியாயிற்று என்பது அவர்கள் வாதம். இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக நான் கருதவில்லை. பஹணி நகல் வாங்குபவருக்கு நேர்ந்த நன்மை ஒன்று. நிலத்தையே இழக்கக்கூடியவருக்கு நேர்ந்தது வேறு.

மொழியியல் மாணவனாக நான் சேர்க்கக்கூடியது சிறியதுதான். கையெழுத்து ஏட்டில் ஒரே மனிதர் ஓரிடத்தில் திம்மய்யா, வேறிடத்தில் திம்மையா, மற்றோரிடத்தில் திம்மப்பா என்று இருப்பார். லெக்கிகருக்கு ஆளைத் தெரியும் என்பதால் எழுத்து வேறுபாடு எவரையும் தடுக்கவில்லை. எழுத்தை எழுத்தாக மட்டுமே ஒப்பிடும் மென்பொருளுக்கு அவர்கள் மூவர். ஊரில் எவருக்கும் ஐயமில்லாத ஒன்றை மெய்ப்பிக்கத் திம்மய்யாவின் பேரன் மனுவோடு தாலுகா அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டியவரானார். லெக்கிகரின் நினைவு ஊழலுக்கு உதவியது உண்மை. அதே நினைவு ஆவணத்தின் குறைகளை நிரப்பியதும் உண்மை. முன்னதை ஒழித்தபோது பின்னதுக்கு மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை என்பதே என் குறை.

லெக்கிகர் இப்போது ‘கிராம ஆட்சி அலுவலர்’ எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளார். 2024 செப்டம்பரில் மாநிலமெங்கும் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அடுக்கடுக்காகக் கைபேசிச் செயலிகளைத் திணித்துவிட்டு, அவற்றை இயக்கத் தேவையான கருவிகளையும் அமர்ந்து வேலை செய்ய முறையான அலுவலகத்தையும் அரசு தரவில்லை என்பது அவர்களின் முதன்மையான முறையீடுகளுள் ஒன்று. பூமி காலத்தில் அவர்கள் முன் அச்சுப்படியை வைத்து, சரிதானா என்று கேட்டனர். இந்தச் செயலிகளை வடிவமைக்கும்போது அவர்களிடம் எவரேனும் எதையேனும் கேட்டனரா என்பதை அடுத்த களப்பயணத்தில் விசாரிக்க எண்ணியுள்ளேன்.