முடக்கு வாதத்தில் படிம ஆய்வு

முடக்கு வாதம் என்பது, உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால், மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு அழற்சியுற்றுத் தடித்து, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும் நாட்பட்ட நோயாகும். வீங்கியும் வலித்தும் இருக்கும் மூட்டுகளை 28 இடங்களில் தொட்டுப் பார்த்து எண்ணி, இரத்தப் பரிசோதனையோடும் நோயாளியின் மதிப்பீட்டோடும் சேர்த்துக் கணிப்பதே நோயின் தீவிரத்தை அறியும் அடிப்படை முறை. கைக்குப் புலப்படாத அழற்சியையும் எலும்புச் சேதத்தையும் படிம ஆய்வு காட்டுகிறது.

முறைகள்

கைகளையும் பாதங்களையும் எடுக்கும் எக்ஸ்ரே, எலும்பின் ஓரங்களில் விழும் அரிப்பையும் மூட்டிடைவெளி குறுகுவதையும் காட்டும். 1971இல் ஷார்ப் வகுத்து, 1989இல் வான் டெர் ஹெய்டே திருத்திய முறையில், அரிப்புக்கு 280, இடைவெளிக் குறுக்கத்துக்கு 168 என உச்ச மதிப்பெண் 448 ஆகும். இம்மதிப்பெண் ஆண்டுக்காண்டு உயராமல் நிற்பதே மருந்து எலும்பைக் காக்கிறது என்பதற்குச் சான்று. எனினும் எக்ஸ்ரே ஏற்கெனவே நேர்ந்த சேதத்தையே பதிவு செய்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சவ்வின் தடிப்பையும், அதன் டாப்ளர் முறை அச்சவ்வில் பெருகிய இரத்த ஓட்டத்தையும் காட்டுவதால், அப்போதைய அழற்சியை 0 முதல் 3 வரை தரப்படுத்த முடிகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எலும்பு மஜ்ஜையில் தோன்றும் நீர்க்கோவையையும் காட்டும். பின்னாளில் அரிப்பு ஏற்படக்கூடிய இடத்துக்கு இது முன்னறிகுறியாகும்.

சிகிச்சையில் இடம்

நோய் தணிந்ததாகத் தோன்றும் மூட்டிலும் டாப்ளர் சமிக்ஞை எஞ்சியிருப்பின் நோய் மீண்டும் கிளர்ந்தெழும் வாய்ப்பு மிகுதி. ஆயினும், படத்தில் தெரியும் அழற்சி முழுவதும் மறையும்வரை மருந்தைக் கூட்டுவது பயனளிக்குமா என நார்வேயில் அல்ட்ராசவுண்டைக் கொண்டும் டென்மார்க்கில் எம்.ஆர்.ஐ.யைக் கொண்டும் நடந்து, முறையே 2016, 2019 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், வழக்கமான பரிசோதனையை மட்டும் நம்பிய சிகிச்சையைவிட அது மேலானதல்ல எனக் கண்டன. ஆகவே தொட்டுப் பார்த்தும் ஐயம் தீராத இடத்திலேயே ஸ்கேனின் பயன் மிகுதி.

கடலூர், சிதம்பரம் வட்டாரம்

2006இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் நீடித்த மூட்டழற்சி முடக்கு வாதத்தைப் போலவே தோன்றக்கூடியது. ஸ்கேன் அழற்சி உண்டென்று காட்டுமேயன்றி அதன் காரணத்தைச் சொல்லாது என்பதால், நோயின் வரலாறும் இரத்தப் பரிசோதனையும் உடன் தேவைப்படுகின்றன. காசநோய் பரவலாக உள்ள நாட்டில், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் உயிரியல் மருந்துகளைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோயை விலக்க மார்பு எக்ஸ்ரேயும் இன்றியமையாதது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் கருவிகள் பதிவு செய்யப்பட்ட இடங்களிலேயே இயங்க வேண்டியிருப்பதால், மூட்டு ஸ்கேனுக்கும் அத்தகைய மையத்தையே நாட வேண்டும்.

இவ்வட்டார நோயாளிகள் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, 1985இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி 2021இல் மாநிலச் சுகாதாரத் துறையின்கீழ் வந்த சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் சிகிச்சை பெற இயலும். இடம் மாறி மருத்துவம் பார்ப்போர் பழைய எக்ஸ்ரே படங்களையும் அறிக்கைகளையும் உடன் கொண்டு செல்வது மிக முக்கியம். ஒரே மூட்டின் முந்தைய படத்தோடு ஒப்பிடும்போதுதான் புதிய அரிப்பு எது, பழைய வடு எது என்பது விளங்கும்.