ஐந்து கம்பியும் ஒரு கிறிஸ்டலும்

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். தெற்குச் சீமைக்கு அது வந்து சேர இன்னும் பல வருஷம் பிடித்தது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி ஆரம்பித்தபோது, தென்மாவட்டங்களில் கம்பத்துக்கு மேல் கம்பம் கட்டி அந்தப் படத்தைப் பிடித்தவர்கள் உண்டு. 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கோடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்த பிறகுதான் நிலைமை மாறியது. திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர் வட்டாரத்து மாடிகளில் ஆன்டெனாக்கள் மலையைப் பார்த்துத் திரும்பின. டிவி மெக்கானிக் கடைகளும் பெருகின. பின்னாளில் டிவியோடு இணைத்து ஆடும் டிவி கேமுக்கு வைத்தியம் பார்த்ததும் இந்தக் கடைகள்தான்.

நின்டெண்டோ 1983 ஜூலை 15-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டியின் தைவான், சீன நகல்களே 1990களில் நம் சிற்றூர்களுக்கு வந்தவை. மீடியா நிறுவனம் ‘லிட்டில் மாஸ்டர்’ என்ற பெயரில் ஒன்றை இந்தியாவில் விற்றது. மற்றவை சென்னை பர்மா பஜார் வழியாகவும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டிகளிலும் வந்தன. வாங்க வசதியில்லாத பிள்ளைகள் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து மாரியோவும் கான்ட்ராவும் ஆடினார்கள். பெட்டி பழுதானால் கேட்க நாதியில்லை. சர்வீஸ் மேனுவல் கிடையாது, உதிரி அனுப்பும் கம்பெனியும் கிடையாது.

முதலில் போவது எலிமினேட்டர், அதாவது மின்சாரம் தரும் அடாப்டர். ஃபேமிகாமின் அடாப்டர் பின்னில் நடுப்பகுதி நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். அதை நகலெடுத்த பல பெட்டிகளிலும் அப்படியே. கடையில் கிடைக்கிற எலிமினேட்டரோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தெரியாமல் செருகினால் உள்ளே 5 வோல்ட் தருகிற 7805 ரெகுலேட்டர் பலியாகும். நல்லவேளையாக, 7805 எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற சரக்கு.

அடுத்தது கைப்பிடியின் ஒயர். கயிறு மாதிரி இழுத்து இழுத்து, பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அறுந்துவிடும். கைப்பிடியைத் திறந்து பார்த்தால் வடிவமைத்தவனின் சிக்கனம் வியக்க வைக்கும். பொத்தான்கள் எட்டு, ஒயருக்குள் ஓடும் கம்பிகளோ ஐந்துதான். மின்சாரத்துக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, மீதி மூன்றும் தகவல் பரிமாற்றத்துக்கு. உள்ளே இருக்கும் 4021 என்ற ஐ.சி., எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரே கம்பியில் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிவிடுகிறது. ஆகவே ஐந்து கம்பியுள்ள எந்த ஒயரும் போதும். பல நகல் பெட்டிகளில் அதன் முனை, கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் செருகும் அதே ஒன்பது பின் அளவு. அந்த பிளக்கை விற்காத கம்ப்யூட்டர் கடை அன்று கிடையாது.

சிக்கல் தொடங்குவது, பெட்டிக்குத் துடிப்பைத் தரும் கிறிஸ்டலில். இந்தியாவின் பால் (PAL) முறைக் கலர் டிவிக்கு 4.43 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் வேண்டும். எல்லா மெக்கானிக்கின் டப்பாவிலும் அது இருக்கும். பால் முறைக்காகச் செய்த டிவி கேமுக்கோ அதன் சரியாக ஆறு மடங்கு, 26.6017 மெகாஹெர்ட்ஸ். அது திண்டுக்கல்லில் கிடைக்காவிட்டால் மதுரை. அங்கேயும் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு. அண்ணா சாலையை விட்டு உள்ளே நுழைந்து, நரசிங்கபுரம் தெரு வரைக்கும் கடை கடையாகக் கேட்டுப் போக வேண்டும். கிடைக்காதபோது ஒரே வழி, செத்த பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து அதிலிருந்து கழற்றுவதுதான்.

பூட்டுக்குப் பேர்போன, 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிய திண்டுக்கல்லுக்கு, கடையில் கிடைக்காததற்கு வழி தேடும் இந்தப் பாடு புதிதல்ல. கையால் செய்த மாங்காய்ப் பூட்டின் சாவி தொலைந்தால் கடையில் இன்னொன்று வாங்க முடியாது. பூட்டைத் திறந்து, லீவர்களைப் பார்த்து, அரத்தால் அராவி எடுக்க வேண்டும். கிறிஸ்டலை அப்படி அராவ முடியாது. பின்னாளைய மலிவுப் பெட்டிகளில் மொத்தச் சிப்பும் கறுப்புப் பிசின் சொட்டுக்கு அடியில் புதைந்திருந்தது. அது போனால் பெட்டியே போயிற்று.

விளையாட்டை உருவாக்கப் பயன்பட்ட கருவிகளின் கதி இதைவிட மோசம். நின்டெண்டோ 64-க்கான கருவி, சிலிக்கான் கிராஃபிக்ஸ் இண்டி கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு போர்டு. சோனியின் நெட் யாரோசே, ஆர்வலர்களுக்கு விற்ற கறுப்பு நிற பிளேஸ்டேஷன். கூட வந்த அக்சஸ் கார்டும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிளும் இல்லாமல் அதில் வேலை ஓடாது. இவை திண்டுக்கல் பக்கம் வந்ததாகப் பேச்சில்லை. இங்கே அந்த இடத்தில் இருந்தது பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி லேப்களின் 8085 மைக்ரோபிராசஸர் கிட். மாணவர்கள் பிளக்கைப் பிடிக்காமல் பட்டை ஒயரையே பிடித்து உருவுவார்கள், எஃப்.ஆர்.சி. கேபிள் கிழியும். அதை மாற்றிவிடலாம். ஆனால் மானிட்டர் புரோகிராம் பதிந்த ஈப்ராம் சிப் அழிந்துபோனால், அதே மாடல் கிட் இன்னொன்றைத் தேடி அதிலிருந்து நகலெடுக்க வேண்டும். அந்தச் சிப்பின் கண்ணாடி ஜன்னல் மேல் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர், வெளிச்சம் பட்டு அது அழியாமல் காப்பதற்கு. பொழுதுபோகாமல் அதை உரித்துவிடும் கைகளும் லேபில் இருக்கும்.

தயாரித்தவர்களே கைவிட்ட கதையும் உண்டு. உதிரி கிடைக்கவில்லை என்று சொல்லி, 2007 அக்டோபர் 31-ஓடு ஃபேமிகாம் பழுதுபார்ப்பை நின்டெண்டோ நிறுத்திக்கொண்டது. பிளேஸ்டேஷன் 2-க்கு ஜப்பானில் சோனி 2018-ல் அதையே செய்தது. கம்பெனியே முடியாது என்ற வேலையைத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் தொடக்கத்திலிருந்தே மேனுவல் இல்லாமல் செய்துவந்தார்கள். அவர்களின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லாதது பெரிய குறை.

இன்று பழைய டிவி கேம் ஆட பிக்சர் டியூப் டிவி தேடுகிறவர்களுக்கு எதிர்பாராத ஒரு வசதி, 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டம். அப்போது வீடுவீடாக வந்த 14 அங்குலப் பெட்டிகள் சில இன்னும் பரணில் கிடக்கின்றன. டிவி கேமோடு வந்த துப்பாக்கி பிக்சர் டியூப் திரையில்தான் குறி பார்க்கும். தட்டை டிவியில் எத்தனை முறை சுட்டாலும் விளையாட்டில் வரும் வாத்து விழாது.

ஆகவே பரணில் பழைய டிவி கேம் இருந்தால், அது ஓடாவிட்டாலும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். அதன் கிறிஸ்டலும் கேசட் சாக்கெட்டும் இன்னொரு பெட்டியைப் பிழைக்க வைக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், எலிமினேட்டரைச் செருகும் முன் மல்டிமீட்டரில் பாசிட்டிவ் எது, நெகட்டிவ் எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.