சில்வண்டு பாடும் நேரம்

பாலித் தீவில் சக ஆண்டின் முதல் நாளுக்கு நியெபி என்று பெயர். அதற்கு முந்தின இரவு ஓகோ-ஓகோ எனும் பூதப் பொம்மைகளைத் தோளில் சுமந்து, மேளமும் கூச்சலுமாகத் தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். விடிந்து 6 மணியிலிருந்து மறுநாள் 6 மணிவரை நெருப்பில்லை, விளக்கில்லை, வேலையில்லை, பயணமில்லை, கேளிக்கையில்லை. விமான நிலையமே மூடிக்கிடக்கும். 2018 முதல் கைப்பேசி இணையமும் நிறுத்தப்படுகிறது. தீவில் ஆளே இல்லை என்று நினைத்துத் தீய சக்திகள் விலகிப் போகும் என்பது நம்பிக்கை.

நியெபியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தமான்தான் நினைவுக்கு வரும். அங்கே கிரேட் அந்தமானியர் எனும் பழங்குடியினர் நாள்தோறும் இரண்டு வேளை அடங்கியிருந்தார்கள். விடியலிலும் அந்தியிலும் சில்வண்டு பாடும்போது விறகு பிளக்கக் கூடாது, மரத்தை முறிக்கக் கூடாது. மீறினால் பிலிகு எனும் தெய்வம் சினந்து புயலை ஏவும். தெற்கே அதைப் புலுகா என்றார்கள். தேன்மெழுகை உருக்கினாலும் அதே கோபம்தான். 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் வந்த தம் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு கதை உண்டு. மூதாதை ஒருவர் சில்வண்டைக் கைக்குள் வைத்து நசுக்கினார். அது அலறியது. உலகம் முதன்முறையாக இருண்டது. ஆடிப்பாடித்தான் பகலை மீட்டார்களாம்!

ஆர்ப்பரித்துவிட்டு இருளில் ஒடுங்குகிறது பாலி. இருளைப் போக்கவே ஆடியது அந்தமான். ஒரு சிறு பூச்சியின் குரலுக்காகக் கோடரியைக் கீழே வைத்த மனம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.

நியெபியன்று வெளியூர்க்காரரும் விடுதி வளாகத்தைத் தாண்ட முடியாது. பெச்சாலாங் எனும் ஊர்க்காவலர் வீதிகளில் சுற்றிவருவார்கள். ஆனாலும் விளக்கில்லாத வானத்தில் நட்சத்திரம் பார்க்கவே நாள் குறித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விடுதிகள் அதற்கென்றே சலுகை அறிவிக்கின்றன. காசு புழங்குகிறது என்று நான் குறை சொல்ல மாட்டேன். வந்தவர் ஊர் வழக்கத்துக்கு அடங்குகிறார். அடங்கச் சொல்ல அந்த ஊர் உயிரோடு இருக்கிறது.

அந்தமானுக்கு 1858இல் பிரிட்டிஷாரின் கைதிக் குடியிருப்பு வந்தது. 1877இல் தட்டம்மை வந்தது. ஆயிரக்கணக்கில் வாழ்ந்த கிரேட் அந்தமானியர் இன்று நூறு பேர்கூட இல்லை.

அங்கே ஆண்டு முழுக்க மாலை 6 மணிக்குள் சூரியன் விழுந்துவிடும். காட்டோரச் சாலையில் நின்றால் முதலில் ஒரு வண்டு, பிறகு காடு முழுக்க ஒரே இரைச்சல், காதுக்குள் ரம்பம் இழுப்பதுபோல. அது ஓயும்வரை வண்டியை அணையுங்கள், பாட்டை நிறுத்துங்கள் என்று சொல்ல அந்தச் சாலையில் யாருமில்லை.