வெள்ளெலியும் பாலை எலியும்

பெங்களூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலிமனையில் ஒரு வளை. பெருச்சாளியோ என்னவோ, எனக்கு ஊர்க் கொல்லையில் வெட்டிப் பிடித்த வெள்ளெலிதான் ஞாபகம் வந்தது.

அதன் பங்காளி ஒன்று தார் பாலைவனத்தில் இருக்கிறது. 1867-ல் அதை ஹரியானாவின் பெயரால் 'ஹரியானே' என்று பதிவு செய்தவர் மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டன். பிற்பாடு ஜோத்பூரில் ஈஸ்வர் பிரகாஷ் அதை விரிவாக ஆராய்ந்தார். பகலில் மேயும் அந்த எலி வடமேற்கு வறள்நிலத்தோடு நின்றுவிட்டது. அதன் சொந்தங்கள் சகாராவிலிருந்து மங்கோலியா வரை உண்டு. நம் வெள்ளெலியோ இராத்திரி உலாவி. மேற்காசியாவில் தொடங்கி, தாரையும் தக்காணத்தையும் கடந்து இலங்கை வரை பரவியிருக்கிறது.

பாலையைத் தாண்டியது சரி, கான்கிரீட்டைத் தாண்டுமா? அடுத்த மாதம் அந்த மனையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்களாம்.